கோபம் மூளையில் எங்கே இருக்கிறது?

மார்ச் 3, காலை (ஒரு வாசகியின் கேள்வி)

என் அண்ணனுக்கு முன்கோபம் அதிகம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்று அம்மா சொல்கிறார்கள். ஒரு வீடியோவில் பார்த்தேன், மூளையில் அமிக்டலா என்று ஒன்று இருக்கிறதாம், கோபம் முழுக்க அங்கேதான் உற்பத்தியாகிறதாம், சிலருக்கு அது அடங்கவே அடங்காதாம். அப்படிப் பிறந்துவிட்ட ஒருவரைக் குறை சொல்வது நியாயமா? மருந்து மாத்திரை ஏதாவது உண்டா? அண்ணிக்கு என்ன சொல்வது என்று தெரியாமல்தான் இங்கே கேட்கிறேன்.

மார்ச் 3, இரவு

இதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்துகிறவள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் என் தம்பி. பைக் விபத்தில் நெற்றிப் பக்கம் அடிபட்டு, மூளையின் முன்மடலில் ரத்தக்கட்டு எடுத்தார்கள். பிழைத்து வந்தான். ஆனால் வந்தவன் வேறு மாதிரி இருந்தான். குரலே உயர்த்தாத பிள்ளை, சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று தட்டைச் சுவரில் எறிந்தான். அதிலிருந்து இந்த விஷயத்தைக் கைக்குக் கிடைத்த இடத்திலெல்லாம் படித்து வருகிறேன்.

கோபத்துக்கு மூளையில் ஒரே ஒரு இருப்பிடம் கிடையாது. அந்த வீடியோ தப்புவது இந்த இடத்தில்தான்.

1892இல் ஜெர்மனியில் ஃபிரீட்ரிஷ் கோல்ட்ஸ் என்பவர் ஒரு நாயின் மூளைப் புறணியை நீக்கிவிட்டு அதை உயிரோடு வைத்திருந்தார். அது தூங்கியது, எழுந்தது, சாப்பிட்டது. ஆனால் யாராவது தொட்டுத் தூக்கினால் போதும், உறுமிக் கடிக்க வந்தது. யோசிக்கும் பகுதி போன பிறகும் கோபம் போகவில்லை, முன்பைவிடச் சுலபமாக வந்தது. 1928இல் ஃபிலிப் பார்ட் பூனைகளில் இதையே படிப்படியாகச் செய்து பார்த்தார். மேலிருந்து எவ்வளவு நீக்கினாலும் பூனை சீறியது, முதுகை வளைத்தது, மயிர் சிலிர்த்தது. மூளையின் அடியில், ஆழத்தில் இருக்கும் ஹைப்போதலாமஸின் பின்பகுதியையும் நீக்கியபோதுதான் அந்த முழுமையான சீற்றம் நின்றது.

ஆக, சீறும் இயந்திரம் ஹைப்போதலாமஸிலும் அதற்குக் கீழே மூளைத்தண்டிலும் இருக்கிறது. எப்போது சீறலாம், எப்போது கூடாது என்பது மேலே, முன்மடல் சார்ந்த இடங்களில் தீர்மானமாகிறது. அமிக்டலா நடுவில் நின்று, எதிரே இருப்பது முக்கியமா, ஆபத்தா என்று எடைபோட்டுச் சொல்கிறது. என் தம்பிக்கு அடிபட்டது மேலே. பிரேக்கில் அடிபட்டது என்று டாக்டர் சொன்னார், எங்கள் வீட்டிலும் அந்த வார்த்தைதான் தங்கிவிட்டது.

மார்ச் 3, தூங்கப் போகும் முன்

ஒன்றைச் சேர்க்காமல் விட்டால் தவறான பொருள் வந்துவிடும். ஆராய்ச்சியாளர்கள் ஆக்ரோஷம் என்று எழுதும்போது ஒரே பொருளைச் சொல்வதில்லை. 1960களில் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபிளின் குழுவினர் பூனையின் ஹைப்போதலாமஸில் மின்தூண்டல் கொடுத்தார்கள். உள்பக்கமாகத் தூண்டினால் பூனை சீறி, காது மடக்கி, நகம் நீட்டிப் பாய்ந்தது. வெளிப்பக்கமாகத் தூண்டினால் சத்தமே இல்லை. பதுங்கிப் போய் எலியின் கழுத்தைக் கவ்வியது. முதலாவதில் உடம்பு முழுக்கக் கொந்தளிப்பு. இரண்டாவது அமைதியாக நடக்கும் வேலை.

மனிதர்களிடமும் இப்படி இரண்டு வகை உண்டு என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். பூனையில் கண்டதை அப்படியே மனிதன் மேல் ஏற்றக் கூடாது, சரி. ஆனாலும் என் தம்பியைப் பார்க்கும்போது இந்த வேறுபாடு கண்ணில் அறைகிறது. அவனுக்கு வருவது முதல் வகை. முன்னறிவிப்பு கிடையாது, ஆள் பார்க்காது. அப்பா, நான், கறிகாரர், அவனுடைய டாக்டர், எல்லோரிடமும் ஒன்றுதான். சில நிமிடத்தில் அடங்கிவிடும். அதன் பிறகு உட்கார்ந்து அழுவான்.

உங்கள் அண்ணன் எப்படி? எல்லோரிடமும் இப்படித்தானா?

மார்ச் 5

ஒருவர் கேட்டிருக்கிறார்: “அந்த இடத்தைச் சுட்டுவிட்டால் வேலை முடிந்ததே, ஏன் செய்வதில்லை?”

செய்தார்கள். உலகத்தில் அதை அதிகம் செய்த ஊர்களில் ஒன்று சென்னை. இது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1930களின் கடைசியில் சிகாகோவில் குளூவர், பியூசி என்ற இருவர் குரங்குகளின் பொட்டு மடல்களை இருபக்கமும் நீக்கினார்கள். யாரையும் கிட்டே நெருங்க விடாத முரட்டுக் குரங்குகள் சாதுவாகின. பாம்பைப் பார்த்தாலும் பயமில்லை. கண்டதையெல்லாம் வாயில் போட்டன. அந்த மடல்களுக்குள் இருப்பதுதான் அமிக்டலா. அப்படியானால் மனிதரில் அந்தச் சின்ன இடத்தை மட்டும் அழித்தால் என்ன என்ற யோசனை வந்தது. ஜப்பானில் ஹிரோதாரோ நாராபயாஷி, ஊசி வழியாக எண்ணெயும் மெழுகும் கலந்த ஒரு கலவையைச் செலுத்தி அமிக்டலாவைச் செயலிழக்கச் செய்து, 1963இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். தோக்கியோவில் கெய்ஜி சானோ ஹைப்போதலாமஸின் பின்பகுதியையே குறிவைத்தார்.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950இல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியிருந்தார். சீர்காழிக்காரர். அவரோடு வி. பாலசுப்ரமணியம், டி.எஸ். கனகா. கனகா ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களில் ஒருவர். மண்டையில் சட்டம் பொருத்தி, அளவு பார்த்து, மெல்லிய ஊசியை மூளையின் ஆழத்துக்கு அனுப்பும் முறையில் இந்தக் குழு பெரிய கைதேர்ச்சி பெற்றது. ஆக்ரோஷத்துக்கும் அடங்காத துறுதுறுப்புக்கும் செய்த அறுவைகளுக்கு அவர்கள் வைத்த பெயர் அமைதிப்படுத்தும் நரம்பியல் அறுவை என்ற பொருளில் வரும். ராமமூர்த்தி 1988இல் எழுதிய கட்டுரைப்படி, மருந்துக்குக் கட்டுப்படாத ஆக்ரோஷத்துக்காக மட்டும் அங்கே செய்த அறுவைகள் 600க்கும் மேல். பெரும்பாலானவை இருபக்க அமிக்டலா அறுவை. நோயாளிகளில் வலிப்பு உள்ளவர்கள், மூளைக்காய்ச்சல் வந்து போனவர்கள், மனவளர்ச்சி குன்றியவர்கள் உண்டு. குழந்தைகளும் உண்டு.

பெரும்பான்மையோருக்கு நல்ல முன்னேற்றம் என்று அந்தக் கட்டுரை சொல்கிறது. நான் நின்றுவிடுவது இந்த இடத்தில். முன்னேற்றம் என்பதை யார் அளந்தார்கள்? அறுவை செய்தவர்களும் வீட்டாரும். வார்டில் சண்டை போடவில்லை, சொன்னதைக் கேட்கிறான் என்பது அளவுகோல். அந்தப் பிள்ளைக்கு உள்ளே என்ன மாறியது, எது போனது என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டு எழுதிய பக்கம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

இன்று இந்த அறுவை அநேகமாக நின்றுவிட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோய்க்காக மூளையில் அறுவை செய்ய வேண்டுமானால் நோயாளியே விவரம் அறிந்து சம்மதிக்க வேண்டும், மனநல மறுஆய்வு வாரியமும் அனுமதிக்க வேண்டும். வீட்டார் சம்மதம் மட்டும் போதாது.

மார்ச் 6

நேற்றைய குறிப்புக்கு வந்த பதில்களில் ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. எழுதியவர் ஓய்வு பெற்ற செவிலியர். “அந்தக் காலத்தில் அந்தக் குடும்பங்களின் நிலைமையைப் பார்க்காமல் டாக்டர்களைப் பேசாதீர்கள். பிள்ளையைத் தூணில் கட்டிவைத்துவிட்டு வேலைக்குப் போன தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன்” என்கிறார்.

நியாயம்தான். சங்கிலிக்கும் ஊசிக்கும் நடுவே நின்ற குடும்பம் ஊசியைத் தேர்ந்தெடுத்தால் அதைக் கொடுமை என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. அந்த அறுவைகள் தொடங்கிக் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுக்குப் பிறகு நடந்தது இது. அப்போதும் இங்கே பல குடும்பங்களுக்குத் தெரிந்த வழி சங்கிலிதான்.

ஆனாலும் என் கேள்வி டாக்டர்களின் நல்ல மனதைப் பற்றியது இல்லை. கோபம் ஒரு புள்ளியில் இருக்கிறது என்று நம்பினால் கை தானாக அந்தப் புள்ளிக்குப் போகும். தம்பி மோசமாக இருந்த மாதங்களில் யாராவது என்னிடம் வந்து, ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும், இங்கே கையெழுத்துப் போடு என்றிருந்தால் போட்டிருப்பேன். இரண்டு தரம் யோசித்திருக்க மாட்டேன். அதனால்தான் சட்டம் என் கையெழுத்தோடு நிற்காமல் அவன் சம்மதத்தைக் கேட்பது எனக்கு நிம்மதி.

மார்ச் 9

அமிக்டலா இல்லாமலே வாழும் ஒரு பெண்ணைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவில் எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் குறிப்பிடப்படும் நோயாளி. அரிய மரபுநோய் ஒன்றால் இருபக்க அமிக்டலாவும் சிதைந்தவர். பாம்பைக் கையில் எடுத்தார், பேய்வீட்டுக்கு அழைத்துப் போனால் சிரித்தார், கத்தி முனையில் மிரட்டப்பட்ட அனுபவத்தையும் பதற்றமில்லாமல் சொன்னார். பயமே இல்லாத மனுஷி என்று புகழ் பெற்றார். பிறகு 2013இல் வெளியான ஆய்வில் கரியமில வாயு கூடுதலாகக் கலந்த காற்றைச் சுவாசிக்கச் செய்தார்கள். மூச்சு முட்டியது. அவர் அலறிப் பீதியடைந்தார்!

வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு அமிக்டலா தேவைப்பட்டது, உடம்புக்குள்ளிருந்து வரும் ஆபத்துக்குத் தேவைப்படவில்லை. பயத்துக்கே இத்தனை வாசல் என்றால் கோபத்துக்கு ஒரே அறை எப்படி இருக்கும்?

மார்ச் 10

எலி ஆய்வைப் பற்றிக் கேட்டவருக்கு. 2011இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஆண்டர்சனின் ஆய்வகத்தில் டாயு லின் முதலானோர் செய்தது அது. சுண்டெலியின் ஹைப்போதலாமஸுக்குள் நடுக்கீழ்ப் பகுதியில் ஒரு சின்ன நரம்புக் கூட்டம். அந்த நரம்பணுக்கள் ஒளிக்கு விழிக்கும்படி மரபணு மாற்றம் செய்து, மெல்லிய இழை வழியாக நீல ஒளி பாய்ச்சினார்கள். விளக்கு எரிந்ததும் ஆண் சுண்டெலி பக்கத்தில் இருந்ததைத் தாக்கியது. வழக்கமாகத் தாக்காத பெண் எலியைத் தாக்கியது. காற்று ஊதிய ரப்பர் கையுறையையும் தாக்கியது.

கையுறைப் படத்தை எல்லோரும் பகிர்கிறார்கள். நான் அதிகம் யோசித்தது அதே ஆய்வின் இன்னொரு பகுதியை. சண்டைக்கும் இணைசேர்தலுக்கும் உரிய நரம்பணுக்கள் அங்கே ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. இணைசேரும் நேரத்தில் சண்டை நரம்பணுக்கள் அடங்கிவிடுகின்றன, அப்போது ஒளி பாய்ச்சினாலும் எலி லேசில் சண்டைக்குத் திரும்புவதில்லை. 2014இல் அதே ஆய்வகம் இன்னும் நுட்பமாகப் பார்த்தது. ஒரே வகை நரம்பணுக்களை லேசாகத் தூண்டினால் எலி ஏறி இணைய முயன்றது, பலமாகத் தூண்டினால் தாக்கியது.

ஆக, நிச்சயமாகத் தாக்க வைக்கும் இடம் ஒன்று சுண்டெலியில் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் வீடுகளில் யாரும் யாருடைய மண்டைக்குள்ளும் விளக்குப் போடுவதில்லை. அந்த இடத்தை எது எழுப்புகிறது, எது எழுப்பாமல் விடுகிறது என்பதில்தான் வாழ்க்கை முழுக்க அடங்கியிருக்கிறது. அந்த எலிக்கே பக்கத்தில் யார் இருக்கிறார்கள், அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது கணக்கில் வந்துவிட்டது.

மார்ச் 12

“எல்லாம் ஆண் ஹார்மோன், வேறென்ன” என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு நூற்று எழுபது வருஷக் கதை இருக்கிறது.

1849இல் கோட்டிங்கனில் அர்னால்ட் பெர்ட்டோல்ட் இளம் சேவல்களின் விதைகளை எடுத்தார். கொண்டை சுருங்கியது, கூவவில்லை, சண்டை போடவில்லை. எடுத்த விதையைச் சிலவற்றின் வயிற்றுக்குள் வைத்தார். நரம்புத் தொடர்பு எதுவும் இல்லாமலே அவை மறுபடி கூவின, சண்டையிட்டன. ரத்தம் வழியாக ஏதோ ஒன்று போய் வேலை செய்கிறது என்பதற்கு முதல் சான்று. காளையை ஏன் காயடிக்கிறோம் என்பது நம் ஊர் விவசாயிக்கு அதற்கும் முன்பே தெரியும்.

அதனால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனுக்கும் சண்டைக்கும் தொடர்பு உண்டு. மனிதரில் என்ன தொடர்பு என்பதில்தான் சிக்கல். 2010இல் சூரிச்சில் பெண்களை வைத்து ஓர் ஆய்வு. சிலருக்கு நாக்கடியில் டெஸ்டோஸ்டிரோன், சிலருக்கு ஹார்மோன் இல்லாத போலி மருந்து. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. பிறகு பணத்தைப் பங்கிடும் விளையாட்டு. உண்மையில் ஹார்மோன் பெற்றவர்கள் எதிராளிக்கு நியாயமான பங்கைத் தந்தார்கள். எனக்கு ஹார்மோன்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று நம்பியவர்கள், எதைப் பெற்றிருந்தாலும், குறைத்துத் தந்தார்கள். “ஆம்பளைன்னா அப்படித்தான்” என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்க்கிறோமே, அந்தப் பேச்சும் மூளைக்குள் போகிற ஒரு பொருள்தான் என்று இதைப் படித்த அன்று தோன்றியது. ஆய்வு இவ்வளவு தூரம் சொல்லவில்லை. சொல்வது நான்.

அப்புறம் யானை. ஆண் யானைக்கு மதம் பிடிக்கும்போது டெஸ்டோஸ்டிரோன் பல மடங்கு ஏறும், கன்னத்தில் மதநீர் ஒழுகும். முதுமலை முகாமில் பாகன்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்த நாட்களில் தான் வளர்த்த யானையிடமே கிட்டே போக மாட்டார்கள். இதைவிடச் சுத்தமான ஹார்மோன் கோபம் வேறு இருக்க முடியாது என்றுதான் தோன்றும். ஆனால் தென்னாப்பிரிக்காவில் பிலானஸ்பர்க் காட்டில் நடந்ததைப் பாருங்கள். க்ரூகர் பூங்காவில் பெரிய யானைகளைச் சுட்டுக் குறைத்தபோது அனாதையான குட்டிகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். 1990களில் அந்தக் குட்டிகள் வாலிபமாகி, வழக்கத்துக்கு மிகவும் முன்னதாக மதம் பிடித்து, நீண்ட நாள் அதிலேயே இருந்து, 40க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998இல் க்ரூகரிலிருந்து ஆறு மூத்த ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பெரியவர்கள் எதிரே நின்றதும் இளசுகளின் மதம் வடிந்தது, கொலைகள் நின்றன.

ஹார்மோன் மேலே ஏறியதும் உண்மை. ஒரு மூத்தவர் வந்து நின்றதில் அது இறங்கியதும் உண்மை. உயிரியல் என்றால் மாற்ற முடியாதது என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் கதை இது. வகுப்பில் சொன்னால் பின்வரிசைப் பையன்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

மார்ச் 13

மரபணுவைப் பற்றி ஒரு பத்திக்கு மேல் எழுத விருப்பமில்லை, “கொலைகார மரபணு” என்று அதற்குக் கொடுத்த விளம்பரமே போதும். 1993இல் நெதர்லாந்துக் குடும்பம் ஒன்றில் செரோட்டோனின் போன்ற மூளை வேதிப்பொருள்களைச் சிதைக்கும் எம்.ஏ.ஓ.ஏ. என்ற நொதி அடியோடு இல்லாத ஆண்களிடம் திடீர் வன்முறை இருப்பதைக் கண்டார்கள். அது மிக அரிது. 2002இல் நியூசிலாந்தின் டனேடின் நகரில் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களிடம், அந்த நொதிக்கான மரபணு குறைவாக வேலை செய்யும் ஆண்கள் சிறுவயதில் கொடுமைக்கு ஆளாகியிருந்தால் வன்முறைப் பக்கம் சாயும் வாய்ப்பு கூடியது என்றார்கள். கொடுமை இல்லாத இடத்தில் அந்த மரபணுவால் பெரிய வித்தியாசம் இல்லை. ஒற்றை மரபணுவை வைத்து மனிதனைக் கணிக்கும் அந்த முறையையே பிறகு வந்த பெரிய ஆய்வுகள் கேள்விக்குள்ளாக்கிவிட்டன. போதும்.

மார்ச் 16

தம்பிக்கு மருந்து என்ன கொடுத்தோம் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். பெயரைப் பார்த்து யாரும் கடையில் போய் வாங்கிவிடாதீர்கள், அதற்காக எழுதவில்லை.

விபத்துக்குப் பிறகு வலிப்பு வராமலிருக்க லெவெடிரசெட்டம் கொடுத்தார்கள். நல்ல மருந்து, லட்சக்கணக்கானவர்கள் சாப்பிடுகிறார்கள். ஆனால் சிலருக்கு எரிச்சலும் கோபமும் அதன் அறியப்பட்ட பக்கவிளைவு. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. வார்டில் ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும், அதனால் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் வீட்டில் தட்டு பறந்த அந்த மாதங்களில் எது அடிபட்ட மூளை, எது மாத்திரை என்று பிரிக்க முடியாமல் தவித்தோம். மருந்துச் சீட்டோடு வந்த தாளை உட்கார்ந்து படித்த பிறகு வேறு ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். அவர் மெதுவாக மாற்றினார். வலிப்பு மாத்திரையை நாமாகத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்துவிடும் என்று முதலிலேயே எச்சரித்தார். பாதிக் கோபம் குறைந்தது. அப்புறம் புரோப்ரனலால். இதயத் துடிப்பைக் குறைக்கும் பழைய மருந்து, தலைக்காயத்துக்குப் பின் வரும் ஆக்ரோஷத்துக்கும் பயன்படுகிறது.

மருந்துக்கு இணையாக உதவியது தூக்கம். 2007இல் அமெரிக்காவில் செய்த ஆய்வில், சுமார் 35 மணி நேரம் தூங்காதவர்களின் அமிக்டலா வெறுப்பூட்டும் படங்களுக்கு 60 சதவீதம் கூடுதலாக எகிறியது, முன்மடலோடு அதன் தொடர்பும் தளர்ந்திருந்தது. ஏற்கெனவே முன்மடலில் அடிபட்டவனுக்கு ராத்திரித் தூக்கம் போனால் என்ன ஆகும்? டிவியை ஒன்பதரைக்கு அணைக்க ஆரம்பித்தோம். சாப்பாட்டு நேரம் தள்ளிப் போகாமல் பார்த்துக்கொண்டோம். வீட்டுக்கு ஒரே சமயத்தில் நாலு பேர் வராமல் பார்த்துக்கொண்டோம். சொந்தக்காரர்களுக்கு வருத்தம்தான்.

மார்ச் 16, பிற்பகல்

“தலையணையை அடித்து ஆற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்” என்று யோசனை சொன்னவருக்கு: அன்பாகச் சொன்னீர்கள், ஆனால் வேண்டாம். 2002இல் பிராட் புஷ்மன் இதைச் சோதித்தார். தங்களை அவமானப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்தான் எல்லோரையும்விடக் குறைவாகப் பழிதீர்த்தார்கள்.

மார்ச் 19

மூளையில் அடிபட்டவர் கதை என்றாலே ஃபினியஸ் கேஜ் வந்துவிடுவார். இங்கேயும் வந்துவிட்டார். 1848இல் வெர்மான்ட்டில் பாறை வெடிக்கும்போது ஒரு மீட்டருக்கு மேல் நீளமான இரும்புக் கம்பி கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியேறியது. பிழைத்தார், குணம் மாறினார், முரடரானார் என்பது எல்லோரும் சொல்வது. பாடநூல்கள் அங்கேயே நிறுத்திவிடுகின்றன. அதற்குப் பிறகு அவர் சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருஷம் குதிரைவண்டி ஓட்டினார். பல குதிரை பூட்டிய வண்டி, பயணிகள், கட்டணம், நேரக் கட்டுப்பாடு. பொறுமை இல்லாதவர் செய்யும் வேலை இல்லை அது. நாளுக்கு நாள் ஒரே ஒழுங்கில் வந்த வேலை அவரை மீட்டிருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அமெரிக்காவில் வியட்நாம் போரில் தலைக்காயம் பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வும் இப்படித்தான் இருந்தது. முன்மடலின் அடிப்பகுதியில் காயம் பட்டவர்களிடம் ஆக்ரோஷம் கூடியது, ஆனால் அது பெரும்பாலும் வாய்ச்சண்டை. கைநீட்டியது குறைவு. மூளையில் ஓட்டை விழுந்தவர்களே பெரும்பாலும் கை ஓங்கவில்லை! இதை அழுத்திச் சொல்கிறேன்.

தம்பி இப்போது மாமாவின் அச்சகத்தில் காலை மட்டும் போய்த் தாள் எண்ணி அடுக்குகிறான். சத்தம் அதிகமாகும் மதியத்துக்குள் வந்துவிடுவான்.

மார்ச் 22

பொறுப்பு பற்றிய பழைய கேள்விக்கு இப்போது வருகிறேன். டெக்சஸ் கோபுரச் சம்பவத்தை ஒருவர் குறிப்பிட்டிருந்தார். 1966 ஆகஸ்ட் 1, ஆஸ்டின் பல்கலைக்கழகக் கோபுரத்திலிருந்து சார்ல்ஸ் விட்மன் கண்ணில் பட்டவர்களைச் சுட்டார். அதற்கு முன் தாயையும் மனைவியையும் கொன்றிருந்தார். என் மூளையைப் பரிசோதியுங்கள் என்று எழுதிவைத்திருந்தார், பரிசோதித்தபோது கட்டி இருந்தது. விசாரணைக் குழு, கட்டி காரணமாக இருந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று முடித்தது.

ஆக்ரோஷம் மூளைக்கட்டியால் வரும் என்பதற்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். ஆனால் அவர் துப்பாக்கிகளோடு சாப்பாடும் தண்ணீரும் பெட்டியில் கட்டிக்கொண்டு போனார். மணிக்கணக்கில் ஏற்பாடு. நான் முதல் நாள் எழுதிய இரண்டு வகையில் இது சீறும் பூனை இல்லை. அந்தக் கட்டி அவருடைய துன்பத்தை விளக்கலாம். அந்தப் பெட்டியை விளக்குமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மார்ச் 24

கேள்வி கேட்ட சகோதரி தனிச்செய்தியில் எழுதியதை, அவர் சம்மதத்தோடு, அடையாளம் இல்லாமல் பொதுவாக எழுதுகிறேன். அண்ணன் வேலை செய்யும் இடத்தில் யாரிடமும் குரல் உயர்த்துவதில்லை. முதலாளி திட்டினால் தலைகுனிந்து நிற்பார். குடித்துவிட்டு வந்தாலும் வழியில் போலீஸைப் பார்த்தால் ஒழுங்காக நடப்பார். அடி விழுவது அண்ணிக்கு மட்டும், அதுவும் கதவைச் சாத்திய பிறகு.

அம்மா, இது அமிக்டலா இல்லை. யாரிடம் அடங்க வேண்டும், யாரிடம் அடங்கத் தேவையில்லை என்று அவ்வளவு துல்லியமாகப் பிரிக்கும் மூளையில் முன்மடல் நன்றாகவே வேலை செய்கிறது. குடி பிரேக்கைத் தளர்த்தும், உண்மை. தளர்த்தினால் எல்லோர் மேலும் அல்லவா தளர வேண்டும்? என் தம்பியோடு ஒரே வீட்டில் இருந்தவள் என்பதால் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். பிரேக் போனவனுக்குக் கதவைச் சாத்த நேரம் இருக்காது.

ஒரு விதிவிலக்கு. நாற்பது ஐம்பது வயது வரை சாதுவாக இருந்தவர் திடீரென்று மாறினால், கூடவே பேச்சிலோ நடத்தையிலோ வெட்கம் மரியாதை தெரியாமல் போனால், அல்லது தலைக்காயம், வலிப்பு, புது மாத்திரை ஏதாவது இருந்தால் கட்டாயம் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தைராய்டும் பார்க்க வேண்டும். நீங்கள் சொன்னதில் இவை எதுவும் இல்லை. குடியை நிறுத்த அவருக்குச் சிகிச்சை உண்டு, 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஆனால் அண்ணியின் பாதுகாப்பு அவர் திருந்தும்வரை காத்திருக்கக் கூடாது.

மார்ச் 24, இரவு

அண்ணிக்கு என்ன சொல்வது என்று மறுபடி கேட்டிருக்கிறீர்கள். 181 பெண்கள் உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், அவரிடம் எழுதிக் கொடுத்தால் நீதிபதியிடம் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். வீடு அண்ணன் பெயரிலோ மாமியார் பெயரிலோ இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த அந்த வீட்டில் இருக்க அண்ணிக்கு உரிமை உண்டு, சட்டத்துக்கு உட்படாமல் வெளியே தள்ள முடியாது. காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி, அடிபட்டது எப்படி என்று சீட்டில் எழுத வையுங்கள். தனியாகப் போகப் பயந்தால் நீங்கள் கூடப் போங்கள். அண்ணனுக்குத் தங்கையாக இருப்பதால் உங்களுக்கு இது கஷ்டம், தெரியும்.